சிலந்திகளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்!

2024-ல் அமெரிக்காவின் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி 162 ஆட்டம் ஆடி 121-ல் மண்ணைக் கவ்வியது. 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் இத்தனை ஆட்டம் தோற்ற அணி கிடையாது. அங்கே பத்திரிகைக்காரர்களுக்கு ஒரே குஷி. 'இதைவிடக் கேவலம் உண்டா?' என்று கேள்வியைப் போட்டு, பழைய பேரேட்டைத் தூசி தட்டி அவர்களே பதிலும் சொன்னார்கள். உண்டு. 1899. கிளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ்.

ஆடியது 154. ஜெயித்தது 20. தோற்றது 134.

எந்த அணி தொடர்ந்து உதை வாங்கினாலும் இந்த ஸ்பைடர்ஸை இழுத்து வந்து பக்கத்தில் நிற்கவைத்து உயரம் பார்ப்பது அங்கே வழக்கம். 1962-ல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றார்கள், கூப்பிடு ஸ்பைடர்ஸை. 2003-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் 119 தோற்றார்கள், கூப்பிடு ஸ்பைடர்ஸை. கோமாளிகள், சொத்தைகள், உலக மகா மட்டம் என்று நூற்றி இருபத்தைந்து வருஷமாக ஒரே சிரிப்பு. எனக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. வீட்டைக் கொளுத்தினவனை விட்டுவிட்டு, உள்ளே வெந்தவனின் தீக்காயத்தைப் பார்த்துக் கெக்கலிக்கிற சிரிப்பு இது.

பேஸ்பால் பரிச்சயம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பந்தை எறிகிறார், இன்னொருவர் மட்டையால் அடித்துவிட்டு ஓடுகிறார். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு இரண்டு என்றெல்லாம் கிடையாது. சீசன் தொடங்கிவிட்டால் அநேகமாக தினமும் ஆட்டம்தான். ஒருநாள் ஜெயித்தவன் மறுநாள் தோற்பான். மகா சூரர்கள் என்று பெயரெடுத்த அணியே பத்துக்கு ஆறு, மிஞ்சிப்போனால் ஏழு ஜெயிக்கும். படுமட்டமான அணிகூட பத்துக்கு மூன்றையாவது தட்டிவிடும். அதிர்ஷ்டமும் காற்றும் வெயிலும் அந்த அளவுக்குப் புகுந்து விளையாடுகிற ஆட்டம் அது.

அப்படிப்பட்ட ஆட்டத்தில் 20-க்கு 134 என்றால் சந்தேகம் வர வேண்டாமா? ஆடத் தெரியாமல் தோற்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. இந்தக் கணக்கு அந்த எல்லையைத் தாண்டிய கணக்கு. யாரோ உட்கார்ந்து போட்ட கணக்கு.

யார் போட்டது என்பதில் ரகசியமே இல்லை. ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன். அண்ணன் தம்பி. அணியின் முதலாளிகள். ஃபிராங்க் கிளீவ்லாண்டில் டிராம் வண்டி விட்டுப் பணம் பார்த்தவர். 1891-ல் லீக் பார்க் என்கிற மைதானத்தைத் தன் டிராம் பாதைகள் போகிற இடமாகப் பார்த்துக் கட்டினார். ஆட்டம் பார்க்க வருகிறவன் டிராமுக்கும் காசு கொடுப்பான், டிக்கெட்டுக்கும் காசு கொடுப்பான். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை.

அப்போது ஸ்பைடர்ஸ் சோப்ளாங்கி அணி கிடையாது. இதை யாரும் சொல்வதே இல்லை என்பதுதான் என் எரிச்சல். ஒல்லி ஒல்லியாக, கையும் காலும் நீளமாக ஆட்டக்காரர்கள் இருந்ததால் 'சிலந்திகள்' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்தச் சிலந்திகளில் ஒருவர் சை யங். 1890-ல் கிளீவ்லாண்டில்தான் அவர் பந்து எறிய ஆரம்பித்தார். மொத்தம் 511 வெற்றிகள். இன்றுவரை அந்தக் கணக்கின் பக்கத்தில் ஒருத்தர் போகவில்லை. இன்றைக்கும் அமெரிக்காவில் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிற விருது அவர் பெயரில்தான். இன்னொருவர் ஜெஸ்ஸி பர்கெட். 1895, 1896 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் .400-க்கு மேல் பேட்டிங் சராசரி. பேஸ்பாலில் அது தவம் இருந்தாலும் கிடைக்காத வரம். பாபி வாலஸ் இன்னொருவர். மூன்று பேருமே பின்னால் புகழ் மண்டபத்தில் இடம் பிடித்தவர்கள். 1895-ல் பால்டிமோரை வென்று டெம்பிள் கோப்பையைத் தூக்கியது இந்த அணி. 1898-ல் 81 வெற்றி, 68 தோல்வி. 12 அணிகளில் ஐந்தாவது இடம்.

அதாவது, 1899-க்கு முந்தைய வருஷம்வரை கௌரவமாகக் குடித்தனம் நடத்திய அணி.

அதே 1898-ல் செயின்ட் லூயிஸ் அணியைப் பாருங்கள். 39 வெற்றி, 111 தோல்வி, கடைசி இடம். அதன் முதலாளி கிறிஸ் வான் டெர் ஆ கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு மைதானத்தில் தீ விபத்து வேறு. 1899 மார்ச்சில் அணி ஏலத்துக்கு வந்தது. சுற்றிவளைத்து அது ராபிசன் சகோதரர்கள் கைக்குப் போயிற்று.

இப்போது ஒரே லீகில், ஒன்றோடு ஒன்று மோத வேண்டிய இரண்டு அணிகளுக்கும் ஒரே முதலாளி. சீட்டாட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிற இரண்டு கையையும் ஒருத்தரே பிடித்திருப்பதுபோல. நல்ல சீட்டையெல்லாம் எந்தக் கைக்கு மாற்றுவார்?

செயின்ட் லூயிஸ் பெரிய ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்தலாம். அதனால், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது சை யங், பர்கெட், வாலஸ், மேனேஜர் பாட்ஸி டெபோ என்று கிளீவ்லாண்டின் சாறு முழுவதையும் பிழிந்து செயின்ட் லூயிஸுக்குக் கொண்டுபோய் ஊற்றினார்கள். அங்கே கடைசி இடம் பிடித்த கூட்டத்தில் மிஞ்சியவர்களை கிளீவ்லாண்டுக்கு அனுப்பினார்கள். சக்கை இந்தப் பக்கம். செயின்ட் லூயிஸ் அணிக்குப் புதுப் பெயர் வேறு: 'பெர்ஃபெக்டோஸ்'. குறையே இல்லாதவர்களாம்!

கிளீவ்லாண்டை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அதைச் சும்மா ஒரு சைடு ஷோவாக நடத்தப்போவதாகத் தம்பி ஸ்டான்லி வெளிப்படையாகவே அறிவித்தார். திருவிழாவில் பெரிய சர்க்கஸ் கூடாரத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிற சில்லறை வேடிக்கை. டிக்கெட் வாங்கப்போகிற ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஏப்ரல் 15, 1899. முதல் ஆட்டமே யாரோடு தெரியுமா? செயின்ட் லூயிஸில், பெர்ஃபெக்டோஸோடு. நேற்றுவரை தங்களுக்காகப் பந்து எறிந்த சை யங், இன்றைக்கு எதிரே நின்று எறிகிறார். 10-க்கு 1 என்று அடி. அண்ணன் தம்பிக்கு அன்றைக்கு எது ஜெயித்தாலும் லாபம், எது தோற்றாலும் நஷ்டமில்லை.

மே மாதம் ஊருக்கு வந்து முதல் ஆட்டம். ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டம் பார்க்கலாம் என்றும் ஐந்நூறு பேர்கூடத் தேறவில்லை. ஊர் மக்கள் முட்டாள்களா என்ன? சக்கையைக் கொட்டிவிட்டுச் சாறு என்று காசு கேட்டால் எவன் வருவான்? முதல் 16 உள்ளூர் ஆட்டங்களுக்குச் சேர்த்து வந்தவர்கள் 3,179 பேர். ஆட்டத்துக்கு இருநூறு பேர். ஒன்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானம்!

அடுத்து நடந்ததுதான் அந்த சீசனின் உச்சகட்ட அவலம். வெளியூர் அணிகளுக்கு டிக்கெட் வசூலில் பங்கு உண்டு. இருநூறு பேர் வசூலில் பங்கு வாங்கினால் ரயில் சத்தத்துக்கும் ஓட்டல் வாடகைக்கும்கூடக் கட்டாது. 'நாங்கள் கிளீவ்லாண்டுக்கு வரமாட்டோம், நீங்களே வாருங்கள்' என்றுவிட்டார்கள். மிச்சமிருந்த 93 ஆட்டங்களில் 85 வெளியூரில். மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறின ஸ்பைடர்ஸ், வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போய் உதை வாங்கினார்கள். நாடு கடத்தப்பட்டவர்கள், நாடோடிகள் என்றெல்லாம் பத்திரிகைகள் பெயர் வைத்தன. வெளியூரில் மட்டும் 101 தோல்வி. இந்த ஒரு ரிக்கார்டை இனி யாரும் உடைக்கவே முடியாது. காரணம், இன்றைக்கு ஓர் அணி ஒரு சீசனில் வெளியூரில் ஆடுவதே 81 ஆட்டம்தான்.

அந்த வருஷம் முழுக்க, 42 உள்ளூர் ஆட்டங்களுக்கும் சேர்த்து வந்த மொத்த ஜனம் 6,088. ஆட்டத்துக்கு 145 பேர். ஒரு சுமாரான கல்யாண வீட்டில்கூட இதைவிட அதிகம் பேர் பந்தியில் உட்காருவார்கள்.

சரி, இவ்வளவு நடந்தும் நடுவில் யாராவது ஓரளவு உருப்படியாக ஆடினால்? அவரை விட்டுவைப்பார்களா? லேவ் கிராஸ் என்று ஒருவர். மூன்றாவது பேஸ் காவலர், மேனேஜரும் அவர்தான். அவர் தலைமையில் 8 வெற்றி, 30 தோல்வி. ஜூனில் அவரைத் தூக்கி செயின்ட் லூயிஸில் போட்டார்கள். வில்லி சுடாஃப் என்கிற பிட்சர் கொஞ்சம் நன்றாக எறிந்தார், அவரும் போனார். செத்த மாட்டின் தோலை உரித்த பிறகும் கொம்பு மிச்சமிருக்கிறதே என்று திரும்பி வந்து பார்க்கிற கதை.

கிராஸ் போன பிறகு தலைமை ஜோ க்வின்னிடம் வந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்கப் பெரிய லீகில் ஆடிய முதல் மனிதர். ஆட்டம் இல்லாத காலத்தில் அவருக்கு செயின்ட் லூயிஸில் சவ அடக்கக் காரியங்களைச் செய்துதருகிற தொழில். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் தொழில். அவர் தலைமையில் 12 வெற்றி, 104 தோல்வி. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி வரிசையாக 24 தோல்வி. அப்புறம் ஒரு வெற்றி. அப்புறம் மறுபடி வரிசையாக 16 தோல்வி. கடைசி 41 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று.

பிட்சர் ஜிம் ஹ்யூயி 4 ஜெயித்து 30 தோற்றார். அவருக்குப் பிறகு பெரிய லீகில் ஒரே சீசனில் 30 தோற்ற பிட்சர் எவரும் கிடையாது. சார்லி நெப்பர் 4-க்கு 22. ஃபிராங்க் பேட்ஸ் 1-க்கு 18. இவர்களைத்தான் கோமாளிகள் என்கிறார்கள். ஐயா, ஒரு நிமிஷம் யோசியுங்கள். எதிரணிகள் அந்த சீசனில் இவர்களுக்கு எதிராக எடுத்த ரன் 1,252. இவர்களுடைய பேட்ஸ்மேன்கள் பதிலுக்கு எடுத்தது 529. பின்னால் ரன் எடுக்க ஆளில்லை, பந்தைத் தடுக்க ஆளில்லை, பார்க்க ஆளில்லை, சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு மைதானம்கூட இல்லை. அந்த நிலையில் ஹ்யூயி மறுநாளும் போய்ப் பந்தைக் கையில் எடுத்தார். மறுநாளும். அதற்கு மறுநாளும். கோமாளி அப்படிச் செய்யமாட்டான். வயிற்றுப்பாடு உள்ள தொழிலாளி செய்வான்.

'பிடிக்கவில்லை என்றால் வேறு அணிக்குப் போயிருக்கலாமே?' என்று கேட்பீர்கள். போக முடியாது! அதுதான் அன்றைய சட்டம். 1879-ல் லீக் முதலாளிகள் கூடிக் கொண்டுவந்த 'ரிசர்வ்' ஏற்பாடு. ஒருமுறை கையெழுத்துப் போட்டால் அந்த ஆட்டக்காரன் அந்த முதலாளியின் சொத்து. முதலாளி அவனை விற்கலாம், மாற்றலாம், துரத்தலாம். அவனாக விலகி இன்னோர் அணிக்கு ஆட முடியாது. 1890-ல் ஜான் மாண்ட்கோமரி வார்டு என்கிற ஆட்டக்காரர் தலைமையில் கொதித்தெழுந்து, ஆட்டக்காரர்களே தனி லீக் தொடங்கிப் பார்த்தார்கள். ஒரே வருஷத்தில் அது கவிழ்ந்தது. போட்டிக்கு இருந்த இன்னொரு லீகும் 1891-ஓடு மூடிக்கொண்டது. அப்புறம் இருந்தது 12 அணிகள் கொண்ட ஒரே லீக். போட்டிக் கடை இல்லாத சந்தை. சம்பளத்துக்கு 2,400 டாலர் உச்சவரம்பு. பிடிக்காதவன் சுரங்கத்துக்கோ ஆலைக்கோ போகலாம். இந்த ரிசர்வ் விலங்கு உடைந்தது 1975-ல்தான்.

இப்போது முதலாளி பக்கத்து வக்கீல்கள் வருவார்கள். அவர்கள் கட்சியையும் கேட்டுவிடுவோம். சும்மா சொல்லக்கூடாது, அதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது.

'ஸ்பைடர்ஸ் நன்றாக ஆடிய காலத்திலேயே கிளீவ்லாண்ட்காரர்கள் கூட்டமாக வரவில்லை. ராபிசன் என்ன தர்ம சத்திரமா நடத்தினார்?' என்பது முதல் வாதம். உண்மைதான், கூட்டம் குறைவுதான். 1898-லேயே பல உள்ளூர் ஆட்டங்களை வெளியூருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆனால் ஏன் குறைவு? தொழிலாளிக்கு வாரத்தில் விடுமுறை ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்த ஊரில் ஆட்டம் கூடாது என்று சட்டம். 1897 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீறி ஆடிப்பார்த்தார்கள். முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் மைதானத்துக்குள்ளேயே போலீஸ் வந்து ஆட்டக்காரர்களைக் கைது செய்துகொண்டு போயிற்று. ராபிசனுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. நானாக இருந்தாலும் கொதித்திருப்பேன். ஆனால் சட்டம் போட்டவர்கள் மேல் வர வேண்டிய கோபத்தை, வேலை நாளில் அரைச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து கைதட்டிய ரசிகன் தலையில் இறக்கினால் எப்படி?

'அவர் சொத்து, அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார்' என்பது இரண்டாவது வாதம். சரி, விற்றுவிட்டுப் போயிருக்கலாமே! லாபம் இல்லாத கடையை விற்பது வியாபாரம். அது புரிகிறது. கடையின் பெயர்ப் பலகையை அப்படியே மாட்டிவைத்து, உள்ளே இருக்கிற சரக்கை எல்லாம் பக்கத்து ஊர்க் கடைக்குக் கடத்திவிட்டு, காலி டப்பாக்களை அடுக்கிவைத்து, அதே விலை சொல்லி, 'இந்த ஊர் ஜனங்களுக்கு வாங்கத் துப்பில்லை' என்று திட்டுவதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு வியாபாரம் என்று பெயர் இல்லை.

மூன்றாவது வாதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'ஒரு சிறந்த அணியை உருவாக்கத்தான் இந்த இணைப்பு' என்பார்கள். அப்படியா சேதி? குறையே இல்லாத பெர்ஃபெக்டோஸ் 1899-ல் எத்தனையாவது வந்தார்கள் தெரியுமா? 84 வெற்றி, 67 தோல்வி, ஐந்தாவது இடம். முந்தைய வருஷம் கிளீவ்லாண்டில் இருந்தபோது எந்த இடமோ, அதே ஐந்தாவது இடம்! ஒரு நகரத்தின் அணியைக் கொன்று, அதன் பிணத்தின்மேல் ஏறி நின்று எட்டிப் பறித்தது வெறுங்காற்றைத்தான். கோப்பையைக் கொண்டுபோனது 101 வெற்றிகளோடு புரூக்ளின். ஸ்பைடர்ஸ் அவர்களுக்கு 84 ஆட்டம் பின்னால்.

புரூக்ளின் ஒன்றும் யோக்கியம் கிடையாது. அதுவும் இதே மாதிரி ஒட்டுறவில் ஜெயித்ததுதான். பால்டிமோர் அணியின் முதலாளிகளும் புரூக்ளின் முதலாளிகளும் பங்குகளை மாற்றிக்கொண்டு, பால்டிமோரின் வில்லி கீலர், ஜோ கெல்லி, ஹியூ ஜென்னிங்ஸ் போன்ற பெரிய தலைகளை புரூக்ளினுக்கு நகர்த்தினார்கள். ஆனால் அங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜான் மெக்ரா என்கிற 26 வயதுப் பையன் பால்டிமோரை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். வில்பர்ட் ராபின்சனும் கூடவே தங்கினார். மெக்ரா மேனேஜரானான். கொள்ளையடிக்கப்பட்ட அதே பால்டிமோர் 86 ஆட்டம் ஜெயித்து நாலாவது இடம், பெர்ஃபெக்டோஸுக்கும் மேலே! நாலு நல்ல ஆளையாவது விட்டுவைத்திருந்தால் கிளீவ்லாண்டும் மானத்தோடு பிழைத்திருக்கும். அந்த நாலு பேரைக்கூட விடாத பேராசைக்குத்தான் 134 என்று பெயர்.

லீக் என்ன செய்துகொண்டிருந்தது? மற்ற முதலாளிகள் வாயைத் திறந்தார்களா? திறந்தார்கள், 'கிளீவ்லாண்டுக்கு வந்தால் ஓட்டல் செலவுக்குக் கட்டவில்லை' என்று சொல்ல. ஒரே ஆள் இரண்டு அணி வைத்திருப்பது தப்பு என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பாதிப் பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள், மீதிப் பேர் செய்ய ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 15, சின்சினாட்டி. கடைசி நாள். அணியில் எறிய ஆளில்லையோ, எறிய மனமில்லையோ, ஓட்டலில் சுருட்டு விற்றுக்கொண்டிருந்த எடி கோல்ப் என்கிற 19 வயதுப் பையனைக் கூப்பிட்டுப் பிட்சராக நிறுத்தினார்கள். 19-க்கு 3 என்று தோல்வி. அந்தப் பையன் வாழ்க்கையில் ஆடிய ஒரே பெரிய லீக் ஆட்டம் அதுதான். இதையும் ஒரு ஜோக்காகத்தான் சொல்கிறார்கள். தினமும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கவேண்டிய முதலாளி எங்கே போனார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சீசன் முடிந்ததும் லீக் 12 அணிகளை 8 ஆகக் குறைத்தது. கிளீவ்லாண்ட், பால்டிமோர், லூயிவில், வாஷிங்டன் நாலும் அவுட். சாகடித்தவருக்குத் தண்டனை? அட நீங்க வேற! அணியை மூடிக்கொள்ளச் சம்மதித்ததற்காக லீக் இழப்பீடு கொடுத்தது. ராபிசன் திருந்தினாரா என்றால், 1901-ல் நியூஜெர்சியில் ரெட் பேங்க் என்கிற ஊரில் நாலு முதலாளிகள் கூடி ஒரு திட்டம் தீட்டினார்கள். எல்லா அணிகளையும் ஒரே டிரஸ்ட்டாக்கி, பங்கு பிரித்துக்கொண்டு, ஆட்டக்காரர்களை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று. அதாவது கிளீவ்லாண்டில் செய்ததை நாடு முழுக்கச் செய்வது. மூளை நியூயார்க் முதலாளி ஆண்ட்ரூ ஃபிரீட்மன். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஃபிராங்க் ராபிசனும் ஒருவர். ஆல்பர்ட் ஸ்பால்டிங் முண்டாசு கட்டிக்கொண்டு எதிர்த்ததால் திட்டம் கவிழ்ந்தது.

'கிளீவ்லாண்ட்காரர்களுக்கு ஆட்டத்தில் ருசி கிடையாது' என்றார்களே, அதற்கு என்ன பதில்? ஊரே பதில் சொல்லிவிட்டது. பான் ஜான்சன் என்பவர் புதிதாகத் தொடங்கிய அமெரிக்கன் லீகுக்கு, பழைய லீக் தூக்கியெறிந்த அந்த ஊர் தேவைப்பட்டது. 1900-லேயே அங்கே ஓர் அணியைக் கொண்டுவந்தார். 1901-ல் அது பெரிய லீக் அணியாயிற்று. ஆடியது அதே லீக் பார்க்கில். வந்து உட்கார்ந்தது அதே ஊர் ஜனம். 1902-ல் நேப் லஜோய் என்கிற நட்சத்திரம் வந்ததும் கூட்டம் அள்ளியது. மறு வருஷம் அணிக்கு அவர் பெயரையே வைத்து 'நேப்ஸ்' என்று கூப்பிட்டார்கள். பெயர் பலமுறை மாறி, 2022-லிருந்து கார்டியன்ஸ் என்று அந்த அணி அந்த ஊரிலேயே இருக்கிறது. ஆட்டமே பிடிக்காத ஊரில் 120 வருஷத்துக்கு மேல் ஓர் அணி எப்படி இருக்குமாம்?

பழைய கதைக்கு இப்போது என்ன என்கிறவர்கள் கொஞ்சம் ஓக்லாந்து பக்கம் திரும்புங்கள். 1968-லிருந்து அந்த ஊரின் சொத்தாக இருந்த ஏ'ஸ் அணி. முதலாளி ஜான் ஃபிஷர். 2021 சீசன் முடிந்ததும் நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். டிக்கெட் விலையை ஏற்றினார்கள். 2022-ல் 102 தோல்வி. 2023-ல் 112 தோல்வி. கூட்டம் வரவில்லை. உடனே வழக்கமான பல்லவி: இந்த ஊருக்கு அணி வேண்டாம்போலிருக்கிறது! 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பகிஷ்கரிப்புக்கு நேர்மாறான போராட்டம். எல்லோரும் சேர்ந்து மைதானத்துக்கு வருவது! 27,759 பேர் வந்து உட்கார்ந்து, அணியை விற்றுவிட்டுப் போ என்று கோஷம் போட்டார்கள். அந்த நவம்பரிலேயே 30 முதலாளிகளும் ஒருவர் பாக்கியில்லாமல் கைதூக்கி, அணி ஊரைவிட்டுப் போக அனுமதி கொடுத்தார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்தில் கடைசி ஆட்டம். 46,000 பேருக்கு மேல் கூடி அழுதார்கள். கூட்டம் வராத ஊராம்!

நல்லவேளை, ஒரே லீகில் ஒருவரே இரண்டு அணி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பின்னாளில் தடை வந்துவிட்டது. ஆனால் அணியைக் காயப்போட்டு, ரசிகன் ஒதுங்கியதும் அவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வித்தைக்கு இன்னும் எந்தத் தடையும் வரவில்லை. அந்த வித்தைக்கு ஆதரவாக நடப்பதுதான் நம் பட்டியல்காரர்களின் சிரிப்பு. தோல்விக்கு ஆட்டக்காரன் பெயரைப் போட்டுவிட்டால் முதலாளி பெயரைத் தேட வேண்டியதில்லை பாருங்கள்.

பேஸ்பால் பேரேட்டில் எல்லாத் தோல்விக்கும் ஒரு பெயர் எழுதிவைக்கிறார்கள். 1899 பக்கத்தைத் திறந்தால் லேவ் கிராஸ் பெயருக்கு நேரே 30 தோல்வி. ஜோ க்வின் பெயருக்கு நேரே 104. பிட்சர் ஹ்யூயிக்கு 30. சுருட்டு விற்ற பையன் கோல்புக்குக்கூட அவன் பங்குக்கு ஒன்று. ஃபிராங்க் ராபிசன் பெயருக்கு நேரே ஒரே ஒரு தோல்விகூடக் கிடையாது. அடுத்த முறை ஏதாவது ஓர் அணி நூறு ஆட்டம் தோற்று, மறுபடியும் அந்தப் பேரேட்டைத் தூசி தட்டும்போது, அந்த 134-ஐ இவர்கள் பெயரிலிருந்து அடித்துவிட்டு அவர் பெயரில் எழுதுங்கள்.